மெஜந்தாவுக்குக் காய்ச்சல்

போன மாதம் கையால் எழுதிய கடைப் பலகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்களில் இரண்டு மூன்று பேர், "ஃப்ளெக்ஸ் வந்துதானே அந்த ஓவியர்களின் பிழைப்பு போனது, அதைப் பற்றிக் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டிருந்தார்கள். சொல்லாததற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகன் வைத்திருப்பது ஃப்ளெக்ஸ் கடைதான். காட்டாங்குளத்தூரில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தகர ஷீட் போட்ட ஒரு நீளமான கொட்டகை. நாலு ஹெட் உள்ள பத்தடி மெஷின் ஒன்று. அவன், அவன் மனைவி, இரண்டு பையன்கள். அவ்வளவுதான் கம்பெனி.

ஃப்ளெக்ஸ் மேல் எனக்கும் கோபம் இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அந்தப் பெண் இறந்துபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் அக்கா மகன் கடையைத் திறக்கவே இல்லை. பிறகு திறந்தபோது, ரோட்டில் கட்டும் பெரிய பேனர் எதுவும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தான். கடைப் பெயர்ப் பலகை, பள்ளி அட்மிஷன், கல்யாண மண்டப வாசல், கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி. இதில்தான் ஓடுகிறது. அதனால் வருமானம் குறைவு, மெஷினில் ஒரு கோளாறு வந்தால் தாங்கும் சக்தியும் குறைவு.

அப்படி ஒரு கோளாறு 2023 பங்குனியில் வந்தது.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் 31 வருஷம் இருந்தவன் நான். அடுப்பின் சூடு, எண்ணெயின் சூடு, பேரிங்கின் சூடு என்று வெப்பத்தை அளந்துதான் எனக்குச் சோறு கிடைத்தது. ஆனாலும் அவன் முதலில் என்னிடம் வரவில்லை. பிரிண்டிங் மெஷின் வேறு, மாமா பார்த்த வேலை வேறு என்று நினைத்திருக்கிறான். நியாயம்தான்.

நடந்தது இது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். கம்ப்யூட்டர் திரையில் மூன்றாவது ஹெட், அதாவது மெஜந்தா, 'டெம்பரேச்சர் எரர்' என்று வரும். அணைத்துப் போட்டால் ஓடும். அரை மணியில் மறுபடி நிற்கும். நிற்காத நேரத்திலும் மெஜந்தா திட்டுத் திட்டாக விட்டுப் போகும். மனித முகத்தில் மெஜந்தா குறைந்தால் என்ன ஆகும் தெரியுமா? பச்சை தட்டும். ஒரு இரவு பதினோரு மணிக்கு ஒருவர் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டிருக்கிறார். காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் வீட்டு வாசலில் கட்ட வேண்டும். மூன்று முறை அடித்தும் அப்பா முகம் பச்சையாகவே வந்தது. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "வேணாம் தம்பி, வேற இடத்துல பாக்கறேன்" என்று போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது இவனுக்குக் குரல் அடைத்தது.

சர்வீஸ் பையன் வந்து பார்த்து, ஹெட் போய்விட்டது என்றான். ஹெட் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற பொருள். விலை மட்டும் உள்ளங்கையில் அடங்காது. மனைவியின் செயினை அடகு வைத்துப் புது ஹெட் போட்டான். ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது. பத்தாவது நாள் அதே மூன்றாம் ஹெட், அதே எரர். சர்வீஸ் பையன் மறுபடி வந்து, "அப்ப ஹெட் போர்டுதாண்ணே போயிருக்கும், மாத்திடலாம்" என்றான். அடுத்து வளையல்.

அன்று சாயங்காலம் அக்காதான் போன் செய்தாள். "நீ போய் ஒரு தடவ பாரேன்டா, அவன் உன்கிட்ட கேக்க மாட்டான்."

மெஷினுக்குள் போகும் முன் கொஞ்சம் அடிப்படை சொல்லிவிடுகிறேன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக வைத்தது நாம் எல்லோரும் செய்ததுதானே? மைக்கும் அதே குணம். குளிரில் கெட்டி, சூட்டில் தண்ணி. இந்த ஹெட்டின் அடியில் தலைமுடியை விடச் சின்னதாக நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பீசோ துண்டு. மின்சாரம் கொடுத்தால் அது நெளியும், மை ஒரு சொட்டு வெளியே தெறிக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். அதையே திருப்பிப் போட்டால், மின்சாரம் கொடுத்தால் நெளியும். எவ்வளவு நெளிய வேண்டும் என்பது மை இன்ன அளவு கெட்டி என்று நம்பிக் கணக்குப் போட்டு வைத்தது. மை கெட்டியானால் சொட்டு வராது. தண்ணியானால் சொட்டு சிதறும், துளை காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், காற்று புகுந்த துளை அடிக்காது. அதனால் ஹெட்டுக்குள் ஒரு சின்ன ஹீட்டரையும், மை எவ்வளவு சூடு என்று சொல்ல ஒரு சென்சாரையும் வைத்திருக்கிறார்கள். இவன் மெஷினில் 40 டிகிரி வைத்திருந்தார்கள்.

அந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். கடுகு அளவு இருக்கும். இதில் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அதற்கு டிகிரி தெரியாது. அதற்குத் தெரிந்தது மின்தடை ஒன்றுதான். சூடு ஏற ஏறத் தடை இறங்கும். சாதாரணக் கம்பியில் இது நேர் மாறாக இருக்கும். சில்வர் சல்ஃபைடில் இந்தத் தலைகீழ் குணத்தை ஃபாரடே 1833-லேயே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். பொதுவாகக் கிடைக்கிற தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 30-இல் சுமார் 8, 40-இல் சுமார் 5.3 காட்டும். போர்டு அந்தத் தடையை அளந்து, தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து, திரையில் டிகிரி என்று எழுதுகிறது. கடுகுக்கும் போர்டுக்கும் நடுவில் கேபிள், கனெக்டர் என்று எது இருந்தாலும் அதன் தடையும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். திரையில் வரும் எண் அத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அணைச்சுடு. இன்னைக்கு ஒண்ணும் பாக்க வேணாம். காலைல ஆறு மணிக்கு வரேன், அதுவரைக்கும் யாரும் ஆன் பண்ணாதீங்க" என்றேன்.

"ஏன் மாமா, இப்பவே பாக்கலாமே?"

"சூடா இருக்கும்போது நாலு ஹெட்டும் நாலு விதமாத்தான் இருக்கும். எது பொய் சொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மெஷினில், விடிகாலையில், நாலு ஹெட்டும் கொட்டகையும் ஒரே சூட்டில்தான் இருக்க முடியும். நாலு சென்சாரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாதவன்தான் ஆள். தொழிற்சாலையில் நீண்ட விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் நாங்கள் முதலில் செய்வது இதுதான். காசு செலவில்லாத சோதனை. ஒரு ராத்திரி பொறுமை வேண்டும், அவ்வளவே.

காலையில் என் பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை மெஷின் மேல் வைத்தேன். 26. ஹீட்டர்களை அணைத்து வைத்து மெஷினை ஆன் செய்யச் சொன்னேன். கருப்பு 26, சயான் 26, மெஜந்தா 23, மஞ்சள் 26.

"மூணு டிகிரிதானே மாமா, இதுல என்ன?" என்றான்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. பழைய ஹெட்டை என்ன செய்தாய் என்று கேட்டேன். நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. புது ஹெட் வந்த டப்பாவிலேயே வைத்திருந்தான். அதன் தெர்மிஸ்டர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். ஒன்பதரை கிலோ ஓம். 26 டிகிரிக்கு அது சரியான எண். உள்ளங்கையில் ஐந்து நிமிஷம் பொத்தி வைத்தேன், எண் நிதானமாக இறங்கியது. செத்துவிட்டது என்று கழற்றிய ஹெட்டின் சென்சார் நன்றாக உயிரோடு இருந்தது.

அவனுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 23 என்று காட்ட வேண்டுமானால் போர்டுக்குத் தெரியும் தடை சுமார் 10.9 கிலோ ஓம். உண்மையான தடை 9.6. அப்படியானால் நடுவில் எங்கோ 1.3, 1.4 கிலோ ஓம் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறது. குளிரில் இருக்கும்போது பத்தில் ஒன்றரை பங்குகூட இல்லை, மூன்று டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஹீட்டர் போட்டுச் சூடு ஏறும்போது தெர்மிஸ்டரின் தடை பாதியாகிவிடும். திருட்டுத் தடை மட்டும் அப்படியே நிற்கும். திரையில் 40 வர, போர்டுக்கு 5.3 தெரிய வேண்டும். அதில் 1.4 திருடனுடையது. மீதி 3.9 தெர்மிஸ்டருடையது. 3.9 என்றால் உண்மையில் எத்தனை டிகிரி? நாற்பத்தேழுக்கு மேல்.

"அப்ப திரையில நாப்பதுன்னு இருக்கும்போது…"

"உள்ள நாப்பத்தேழரை. காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் இல்லன்னு சொல்லி, இன்னும் ஒரு கம்பளி போத்தி விட்டுட்டு இருக்கு உன் மெஷின்."

மெஜந்தா திட்டுத் திட்டாக விட்டுப் போனதற்கும் அதுதான் விடை. மை அளவுக்கு மீறித் தண்ணியாகி, துளைகள் காற்றை இழுத்திருக்கின்றன. வண்டி, அதாவது ஹெட்டுகள் உட்கார்ந்து இடமும் வலமும் ஓடுகிற அந்தப் பெட்டி, குலுங்கும்போது அந்தத் திருட்டுத் தடை கூடிக் குறைந்து எண் குதித்திருக்கிறது. அப்போதுதான் எரர்.

எட்டரை மணிக்கு சர்வீஸ் பையன் வந்தான். கெட்டிக்காரப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது; காஞ்சிபுரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஒரே நாளில் பைக்கில் அலைகிறவன். ஒவ்வொரு இடத்திலும் அவனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஒரு ராத்திரி காத்திருந்து பார் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? அவனிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. "சார், சென்சார் லைனைக் கட் பண்ணிட்டு அதுல ஒரு ரெசிஸ்டர் போட்டுடலாம். எரர் வராது. நெறைய கடைல அப்படித்தான் ஓடுது."

ஓடும். ஒரு நாள், பத்து நாள் ஓடும். 5.3 கிலோ ஓமுக்கு ஒன்று போட்டால், ஹெட் எப்போதும் நாற்பதில் இருக்கிறது என்று மெஷின் நம்பி ஹீட்டரைப் போடவே போடாது. மழைக்காலக் காலையில் மை வராது. கையில் கிடைத்தது என்று 10 கிலோ ஓம் போட்டால், எப்போதும் 25-லேயே இருக்கிறது என்று நம்பி ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. உள்ளே இருப்பது சால்வென்ட் மை. தீப்பிடிக்கிற சரக்கு. தகரக் கொட்டகை, சுற்றிலும் ஃப்ளெக்ஸ் ரோல், ராத்திரியில் உள்ளேயே பாய் விரித்துப் படுக்கும் இரண்டு பையன்கள். "தம்பி, எரர் வர்றது நமக்கு நல்லதுக்குத்தான். அதோட வாயைக் கட்ட வேணாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தாளில் இருந்த கணக்கைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மெஜந்தாவின் ரிப்பன் கேபிளையும் மஞ்சளின் ரிப்பன் கேபிளையும் இடம் மாற்றிப் போட்டோம். (கரண்ட் இருக்கும்போது இந்த ரிப்பனில் கை வைக்கக் கூடாது. கோணலாகச் செருகினால் ஹெட்டும் போகும், போர்டும் போகும். இதைப் படிக்கும் யாராவது கடை வைத்திருந்தால் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்கவும்.) ஆன் செய்தோம். இப்போது மெஜந்தா சரியாக இருந்தது. மஞ்சள் மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. குற்றம் கேபிளோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ஹெட்டும் நிரபராதி, போர்டும் நிரபராதி.

கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பட்டையான வெள்ளை ரிப்பன், முனையில் பளபளவென்று வரிசையாகக் கம்பிகள். ஓரத்துக் கம்பிகள் மட்டும் கருத்திருந்தன. எங்கள் மெஷினில் சென்சாருக்குப் போவது ஓரத்து இரண்டு கம்பிகள்தான். மெஷின் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாமல் மைப்புகை பறக்கிறது. அது கனெக்டரின் ஓரத்தில்தான் முதலில் படியும், அங்கிருந்து உள்ளே ஊறி அரிக்கும். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மீட்டர் வைத்தால் மற்றக் கம்பிகள் ஒரு ஓம்கூடக் காட்டவில்லை. கருத்த கம்பி ஆயிரத்து முந்நூறு காட்டியது. ரிப்பனை லேசாக அசைத்தால் எண் ஆடியது.

புது ஹெட் போட்டதும் ஒன்பது நாள் ஏன் ஒழுங்காக ஓடியது என்று சர்வீஸ் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஹெட்டை மாற்றும்போது ரிப்பனைக் கழற்றி மறுபடி செருகியிருக்கிறான். அந்த உரசலில் கருப்பு கொஞ்சம் வழித்துக்கொண்டு போயிருக்கிறது. புது ஹெட்டுக்குக் கிடைத்த நல்ல பெயர் உண்மையில் அந்த உரசலுக்குச் சேர வேண்டியது. "பொருளை மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று தொழிற்சாலையில் யாராவது சொன்னால், பழைய பொருளையே கழற்றித் திரும்ப மாட்டினால் சரியாகாதா என்று என் சூப்பர்வைசர் கேட்பார். எரிச்சலாக இருக்கும். அவர் கேட்டது தப்பில்லை.

மின்சார ரயிலில் பூங்காவில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ரிச்சி தெருவுக்குப் போய், பழைய ரிப்பனைக் காட்டி, அதே அகலம், அதே எண்ணிக்கைக் கம்பி, அதே நீளத்தில் நாலு வாங்கி வந்தான். அவன் ரயில் செலவையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்தாலும் ஐந்நூறு ரூபாய் ஆகவில்லை. கனெக்டர்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நாலையும் மாற்றினோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலு ஹெட்டும் 26.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் கதை நேர் எதிர். காலையில் மற்றவை 28 காட்டும்போது ஒரு ஹெட் மட்டும் 36 காட்டியது. அங்கே கனெக்டருக்குள் மை வழிந்து, இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஈரமாக ஒரு பாலம் கட்டிவிட்டது. தடை குறைந்தால் சூடு அதிகம் என்றுதானே போர்டுக்கு அர்த்தம்? ஹீட்டர் சீக்கிரமே நின்றுவிடும், மை கெட்டியாகவே கிடக்கும், ஹெட் அடைத்துவிட்டது என்று இவர்கள் மணிக்கணக்கில் கிளீன் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குத் துடைத்துக் காயவைத்ததே வைத்தியம்.

பொத்தேரியில் இன்னொருவர், கத்திரி வெயிலில், மதியம் இரண்டிலிருந்து நாலு வரை நாலு ஹெட்டுமே 'ஹை டெம்பரேச்சர்' காட்டுகிறது, நாலு சென்சாரும் போய்விட்டதா என்று கேட்டார். நாலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, அதுவும் மதியம் மட்டும் பொய் சொல்வதென்றால் அது பொய்யாக இருக்காது. கொட்டகைக்குள் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன், 41. ஹெட்டை நாற்பதில் வைத்திருக்கிறார். ஹீட்டரால் சூடேற்றத்தான் முடியும், குளிர வைக்க முடியாது. பீசோ வேறு வேலை செய்யச் செய்யத் தானே கொஞ்சம் சூடாகும். கூரைக்கு அடியில் சீலிங் போட்டு ஒரு ஏசி வைக்கச் சொன்னேன். சென்சார் விற்கிறவர் என்றால் நாலு விற்றிருப்பார். இவர் ஏசி வைக்கவில்லை. மதியத்தில் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குகிறார், ராத்திரியில் ஓட்டுகிறார். அதுவும் சரிதான்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். வளையல் பீரோவிலேயே இருந்தது. செயினை ஆவணியில் மீட்டான், வட்டியோடு. டப்பாவில் கிடந்த பழைய ஹெட்டில் அதற்குள் மை காய்ந்து போயிருந்தது. ஃப்ளஷ் திரவத்தில் இரண்டு நாள் ஊற வைத்து மாட்டிச் சோதனை அச்சு எடுத்தோம். எட்டு கோடுகள் வரவில்லை, மற்றவை வந்தன. முகம் அடிக்க உதவாது. மஞ்சள் ஹெட்டுக்கு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மஞ்சளில் கோடு விட்டால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. துடைத்து, மூடி போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வைத்தான்.

மெஷின் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. கடையைத் திறக்கும் பையன் ஹீட்டர் போடும் முன் ஐந்து எண்கள் எழுத வேண்டும்: கொட்டகை, கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள். ஒரு டிகிரிக்கு மேல் யாராவது விலகினால் எனக்குப் போன் வரும். ரிப்பன்களில் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறான். கடைசியாக மாற்றியது தை மாதம், அடுத்தது ஆடியில்.